கிண்டிக் காட்டிலிருந்து குமரி முனை வரை: கடற்கரைச் சாலையில் பத்து நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் திருச்சி, மதுரை வழியாக நெடுஞ்சாலையில் சென்றால் ஏறத்தாழ 700 கி.மீ. தூரம்தான், விடியற்காலையில் புறப்பட்டவர் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே ஊருக்குக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, காடும் கழிமுகமும் உப்பளமும் தீவுகளும் பார்த்துக்கொண்டு செல்வதென்றால், கிளைவழிகளையும் சேர்த்து 1,000 கி.மீ. ஆகும்; திரும்பி வருவதையும் கணக்கிட்டால் பத்து நாள் வேண்டும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பயணத்துக்கானது.

தமிழ்நாட்டில் உள்ள ஐந்து தேசியப் பூங்காக்களில் மூன்று மலைமேல் இருக்கின்றன. மற்ற இரண்டும், அதாவது கிண்டி தேசியப் பூங்காவும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும், இந்தக் கடற்கரைப் பாதையிலேயே அமைந்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் கோடியக்கரைச் சரணாலயமும் வருகின்றன. எனவே ஒரே பயணத்தில் வறண்ட பசுமைக்காடு, அலையாத்திக்காடு, பவளப்பாறை என்ற மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது.

இப்பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தூரத்தை நாட்களால் வகுத்து, ஒவ்வொரு இரவுக்கும் ஓர் ஊரைக் குறித்துவிடுகிறார்கள். நாங்களும் முதல்முறை அப்படித்தான் செய்தோம். அதன் பலனாக, கோடியக்கரைக் காட்டின் வாசலை முற்பகல் 11 மணிக்கு அடைந்தோம். வெளிமான்கள் எல்லாம் வெயிலுக்கு ஒதுங்கிப் புதருக்குள் படுத்திருந்தன. இரண்டு மணி நேரம் சுற்றியும் நாங்கள் கண்டது நான்கு மட்டக்குதிரைகளையும் எங்கள் வண்டி கிளப்பிய புழுதியையும்தான். வாசலில் இருந்த காவலர், “நேத்து சாயங்காலமே வந்து வேதாரண்யத்துல தங்கியிருக்கலாமே சார்” என்றார். இந்தச் சாலையில் எதைப் பார்க்கிறோம் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. வாசல் திறக்கும் நேரம், படகு கிளம்பும் நேரம், காற்று வீசும் திசை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த மூன்றையும் வைத்தே அமைந்துள்ளன.

முதற்படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இக்கடற்கரையைத் தாக்கும் புயல்களும் பெரும்பாலும் இம்மாதங்களில்தான் வருகின்றன. கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை சாலையோர வயல்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது வண்டியோட்டுவது இன்பமன்று. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது. தவிர ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கடலோர உணவகங்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும். விலையும் கூடுதலாக இருக்கும்.

காற்றைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். ராமேசுவரம் பகுதி மக்கள் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். முன்னது ஆழம் குறைந்து அமைதியானது, பின்னது ஆழமும் சீற்றமும் உடையது என்பது அதன் பொருள். ஆனால் இந்தக் குணம் பருவத்துக்கேற்ப மாறும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் கொந்தளிக்க ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும் கோடையிலும் ஆடியிலும் நிலைமை அப்படியே தலைகீழாகும். தேசியப் பூங்காவின் தீவுகள் ஆண்கடல் பக்கம் இருப்பதால், கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிப் பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் வாடைக்காலத்தின் பின்பகுதியே உகந்தது.

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பின் ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரையிலான ஐந்தாறு வாரங்களே சிறந்தவை என்பது என் கருத்து. அந்த வாரங்களிலும் தை அமாவாசையன்று ராமேசுவரத்தையும், தைப்பூசத்தன்று திருச்செந்தூரையும் தவிர்க்குமாறு நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். பக்திக்காகச் செல்பவர்களுக்கு அவை நல்ல நாட்கள். அறையும் வண்டி நிறுத்த இடமும் தேடுபவர்களுக்கு அல்ல.

இரண்டாம் படி: வாசல் நேரங்களை ஒரு தாளில் எழுதுதல்

வரைபடத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, நேரக் கட்டுப்பாடு உள்ள இடங்களை மட்டும் எழுதுங்கள். கிண்டியில் பொதுமக்களுக்கு உரிய சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிச்சாவரத்தில் படகுக் குழாம் திறந்ததும் முதல் படகு. முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதி பெற்ற பிறகே படகு. கோடியக்கரைக்கு விடியலும் பொழுது சாயும் நேரமும். தனுஷ்கோடியிலிருந்து மாலையிலேயே வெளியேறிவிட வேண்டும். பிற்பகலுக்குப் பிறகு செல்லும் வண்டிகளைக் காவல் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவில் படகு கிளம்புவது அன்றைய காற்றைப் பொறுத்தது.

இந்தத் தாளைப் பார்த்தவுடன் ஒன்று விளங்கும்: மிக நல்ல இடங்கள் எல்லாம் காலை நேரத்தைக் கேட்கின்றன. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு காலை இடம் என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு அரைமணி நேரத் தொலைவுக்குள் முந்தைய இரவு தங்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டுவதை முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடித்தால், போகும் வழியில் ஒரு நாளில் 200 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டிய தேவை அநேகமாக வராது. வேளைகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் முந்தைய நாள் தொலைபேசியில் உறுதி செய்துகொள்வதையும் அதே தாளில் ஒரு வேலையாகக் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: பாதையைப் பகுதி பகுதியாக அமைத்தல்

கிண்டியைப் புறப்படும் நாளில் சேர்க்காமல் முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுவது நல்லது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு மொத்தமே 2.7 சதுர கி.மீ. பரப்புதான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. உட்காட்டுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அப்படியானால் எதற்காகப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை இக்கடற்கரை நெடுக ஒரு காலத்தில் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சத்துண்டு இது. இங்கே திரியும் வெளிமானைத்தான் மூன்று நாள் கழித்துக் கோடியக்கரைப் புல்வெளியில் காணப்போகிறோம். இதைப் பார்த்துவிட்டுப் புறப்படுபவருக்கு அங்கே என்ன எஞ்சியிருக்கிறது என்பது கூடுதலாக விளங்கும்.

முதல் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் வழியாகச் சிதம்பரம் சென்று தங்கிவிடுங்கள். புதுச்சேரி வரை 150 கி.மீ., அங்கிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 70 கி.மீ. போகும் வழியில் இருநூறு என்ற வரம்பை மீறும் நாள் இது. சென்னைக்காரர்களுக்கு இந்தச் சாலை பழகியது என்பதால் இதில் நேரம் செலவிடாமல் கடப்பதே முறை என்று நினைக்கிறேன். புதுச்சேரியிலோ பின்னர் காரைக்காலிலோ மதுப்புட்டிகளை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு மாநில எல்லையைக் கடக்காதீர்கள். சோதனைச் சாவடிகளில் வண்டியே பறிமுதலாகிப் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் நாள் காலை பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிறது இந்த அலையாத்திக் காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் விசைப்படகும் துடுப்புப்படகும் கிடைக்கும். நேரம் மிச்சமாகும் என்று விசைப்படகில் ஏறுபவர்கள் அகலமான கால்வாய்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். துடுப்புப்படகுதான் கிளைகள் தலைக்குமேல் கூடி நிற்கும் குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். அங்கே படகோட்டி துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, வேர்களைக் கையால் பிடித்து இழுத்தே படகை நகர்த்துவார். ஓசை அடங்கியதும், சேற்றில் ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி அசைக்கும் நண்டுகளையும், வேரின்மேல் தொற்றிக்கொண்டு நீர் எப்போது வடியும் என்று காத்திருப்பவைபோல் நிற்கும் சேற்றுமீன்களையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நீர் நன்றாக வற்றியிருக்கும் வேளையில் இவ்வோடைகளில் படகு தரைதட்டும் என்பதால், நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்று ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கொத்துக்கொத்தாக வளைந்த தாங்குவேர்களோடு நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து விரல்கள்போல் மூச்சுவேர்களை மேலே நீட்டிக்கொண்டிருப்பது வெண்கண்டல். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் அலையாத்தி இனத்தையே சேர்ந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் என்பதால் இலை பறிக்கும் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது இக்காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை இங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிற்பகலில் சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். பிறகு காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. இவற்றில் எதில் நிற்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். நாகூரில் நின்றால் வாடா என்னும் பலகாரத்தைச் சாப்பிடாமல் வராதீர்கள் என்று மட்டும் சொல்வேன். இருட்டுவதற்குள் வேதாரண்யம் சேர்ந்துவிட வேண்டும். தை மாதத்தில் டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும். சாலையின் பாதியில் நெல் காயும், மறுபாதியில் அறுவடை இயந்திரம் வரும். பகலில் அது அழகான காட்சி. இரவில், முகப்பு வெளிச்சத்தில் நெல்லும் தார்ச்சாலையும் ஒரே நிறமாகத் தெரியும்போது, அது ஆபத்து.

கோடியக்கரைக்கு ஒரு முழு நாள்

மூன்றாம் நாளை முழுவதுமாகக் கோடியக்கரைக்கு ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த நிலம், வங்கக்கடல் பாக் நீரிணையோடு சேரும் மூலையில் இருக்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற முதல் ஈரநிலமும் இதுவே, ஆண்டு 2002. தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே உள்ள வேதாரண்யத்தில் விடுதிகள் இருக்கின்றன.

விடியலில் வாசல் திறந்ததும் முதலில் புல்வெளிக்குச் செல்லுங்கள். வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் முறை. இறங்கி நடப்பவரைக் கண்டால் ஓடிவிடும் வெளிமான், நின்றுவிட்ட வண்டியைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறது. ஆண்மான் கறுப்பும் வெள்ளையுமாக, திருகிய கொம்புகளைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, பழுப்புநிறப் பெண்மான் கூட்டத்தைச் சுற்றி எட்டுவைத்து நடக்கும். அருகிலேயே மேயும் மட்டக்குதிரைகள், மனிதர் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை. பார்க்க இனியவை என்றாலும், வெளிமானுக்குரிய புல்லில் பங்கு கேட்பவை. சீமைக்கருவேலம் புல்வெளியை நெருக்கிக்கொண்டு வருவதையும் அங்கேயே காணலாம்.

அடுத்து, பாலை மரங்கள் அடர்ந்த காட்டு வழியே ராமர் பாதம் வரை சென்று வரலாம். சுற்றிலும் தட்டையாகக் கிடக்கும் இந்நிலத்தில் அந்த மணல்மேடுதான் உயரமான இடம். அதன்மேல் நின்றால் ஒருபக்கம் காடும் மறுபக்கம் சதுப்பும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகத் தெரியும். பறவைகளுக்கு மாலைப்பொழுது ஏற்றது. வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் பூநாரைகளும், உப்பளப் பாத்திகளின் ஓரங்களில் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டமாக இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே வலசைப் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வருகிறது. அவற்றுள் கைப்பிடியளவே உள்ள உள்ளான்கள் வட ஆசியாவின் உறைபனி நிலங்களிலிருந்து வருபவை. இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் இங்கே செல்வது வீண். பூநாரைக் கூட்டம் வெறும் கண்ணுக்குத் தொலைவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்.

நடுப்பகலில் காட்டுக்குள் வேலையில்லை. அந்த நேரத்தில் அகஸ்தியம்பள்ளியில் உள்ள உப்பு சத்தியாகிரக நினைவிடத்துக்குப் போகலாம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்துவந்தவர்கள் உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். சாலையின் இருபுறமும் இன்றும் உப்பளங்களே என்பதால் தனியாக விளக்கம் தேவைப்படாது. உப்பை வாரிக் குவிக்கும் இடத்தில் படம் எடுக்க விரும்பினால் வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பாக் விரிகுடாவின் கரையில்

நான்காம் நாள் வேதாரண்யத்திலிருந்து ராமநாதபுரம் வரை செல்லும் சாலைதான் முழுப் பயணத்திலும் கூட்டம் குறைந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்கள் சிறியவையாகவும் இடைவெளிவிட்டும் வருகின்றன. எரிபொருளை முத்துப்பேட்டையில் நிரப்பிக்கொள்ளுங்கள். மின்வண்டி வைத்திருப்பவர்கள் மின்னேற்றும் நிலையங்களை முதல் நாளே செயலியில் பார்த்து வைப்பது கட்டாயம்.

முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஜாம்புவானோடைப் படகுத்துறையிலிருந்து கோரையாற்றின் வழியே காயலுக்குச் செல்ல வேண்டும். போய்வர அரைநாள் ஆகிவிடும். வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி பெறாவிட்டால் துறையிலேயே காத்திருக்க நேரும். பிச்சாவரத்தைப் பார்த்தவர்கள் முத்துப்பேட்டையை விட்டுவிட்டு, அதே நாளில் தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சிறிய படகுச் சவாரியை எடுத்துக்கொள்வது நாளுக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோராவில் நிற்கத் தவறாதீர்கள். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அறுகோணக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த ஒரு போருக்குப் பாக் விரிகுடாவின் கரையில் நினைவுச்சின்னம் எழும்பியதை எண்ணினால் சிரிப்பு வரும். அதன் எதிரே உள்ள கடலில்தான் தமிழக அரசு 2022-இல் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த விலங்கைக் கரையிலிருந்து காண்பது அரிதினும் அரிது. அது மேயும் கடற்புல் கரையொதுங்கிக் கிடப்பதை மட்டும் எளிதாகப் பார்க்கலாம்.

தொண்டிக்குப் பிறகு மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். பகலெல்லாம் சூடேறிய தார்ச்சாலையில் குளிருக்கு மாடுகள் வந்து படுத்துக்கொள்ளும். அவை வண்டிக்காக எழுந்திருப்பதில்லை.

பாம்பன், தனுஷ்கோடி, தீவுகள்

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ராமேசுவரத்தில் தங்குங்கள். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து, 1914-இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலத்தைப் பார்க்கலாம். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்துவது நெரிசலுக்கு வழிவகுக்கும். முன்னதாகவே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே புறப்படுவது நல்லது. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும். இப்பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில், பயணிகளோடு வந்த ரயில் உட்பட, இந்த ஊரே அழிந்தது. இடிந்த தேவாலயத்தின் சுவர் பவளக்கற்களால் ஆனது என்பதைக் கிட்டே சென்று பார்த்தால் கண்டுகொள்ளலாம்; அடுத்த நாள் கடலுக்கடியில் காணப்போவதும் அதுதான். 2017-இல் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனை வரை செல்கிறது. தார்ச்சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்காதீர்கள். சிக்கிய வண்டியை வெளியே இழுக்க ஆள் கிடைப்பதற்குள் பொழுது போய்விடும். முனையில் கைப்பேசி இலங்கையின் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ரோமிங் வசதியை அணைத்து வையுங்கள். இரண்டு பக்கமும் நீரோட்டம் வலுவாக இருப்பதால் அங்கே குளிக்கவும் கூடாது.

ஆறாம் நாள் தேசியப் பூங்கா. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கரையோரமாகச் சங்கிலிபோல் கிடந்த 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சங்கிலியில் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறைகளை முற்காலத்தில் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்க ஏதுமின்றித் தீவுகள் கரைந்ததே அதற்கு முக்கியக் காரணம். இந்தப் பூங்காவுக்கு நுழைவாயில் என்று ஒன்றும் இல்லை. அனுமதியின்றித் தீவுகளில் இறங்குவது குற்றம். “ஆயிரம் ரூபாய் கொடுங்க, தீவுக்கே கூட்டிட்டுப் போறேன்” என்று கடற்கரையில் யாராவது அழைத்தால் மறுத்துவிட்டு, குந்துகால் பகுதியிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை ஏற்பாடு செய்யும் படகு அன்று ஓடுகிறதா என்று விசாரியுங்கள். காற்று எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்; ராமேசுவரத்தில் இரண்டு இரவுகள் தங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒரு காலை தவறினால் மற்றொரு காலை கையில் இருக்கும்.

கண்ணாடி அடித்தளத்தின் வழியே தெரியும் பவளப்பாறை, தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல் வண்ணமயமாக இருக்காது. பழுப்பும் மங்கிய பச்சையுமாக, மூளை மடிப்புபோலவும் மான்கொம்புபோலவும் கிடக்கும். சில இடங்களில் வெளிறிப்போயிருக்கும். கடல்நீர் வெப்பமாகும் ஆண்டுகளில் பவள உயிர்கள் தம்முள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுவதால் ஏற்படும் வெளிறல் அது. வேதிப்பொருள் கலந்த வெயில்பூச்சைத் தவிர்த்து முழுக்கைச் சட்டை அணிந்து செல்லுங்கள். கரையில் விற்கும் பவளத்துண்டுகளையோ உலர்ந்த கடல் அட்டையையோ வாங்க வேண்டாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பவரும் குற்றவாளியே.

ஏழாம் நாள் ராமநாதபுரம் திரும்பி, கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொள்ளலாம். தை மாதமாக இருந்தால் வழியெங்கும் அவித்த பனங்கிழங்கு கிடைக்கும். எட்டாம் நாள் திருச்செந்தூரைக் கடந்து மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் திருச்சிலுவைத் தேவாலயம் நிற்கும் அந்த ஊரில் மாலை வெயில் சாயும்வரை இருந்துவிடலாம். அதற்கு முன் உள்நாட்டுப் பக்கம் திரும்பிக் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சிறிது நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து உவரி வழியாகக் கன்னியாகுமரி.

நான்காம் படி: வண்டியும் கையிருப்பும்

புதிய வண்டி வேண்டியதில்லை. நல்ல டயர் வேண்டும். ராமநாதபுரம் பக்கம் வண்டியை நிழலுக்காக ஓரம் கட்டும் இடமெல்லாம் சீமைக்கருவேல முள்தான். அதனால் காற்று நிரப்பிய மாற்றுச் சக்கரமும், டியூப் இல்லாத டயருக்கான ஒட்டுப்பொருள்களும், கையடக்கக் காற்றுப் பம்பும் கட்டாயம். உப்புக்காற்று வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும் என்பதால் ராமேசுவரத்திலும் பயணத்தின் முடிவிலும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் பளபளவென்று துடைத்து அனுப்புவார்கள், அருகில் நின்று பார்க்க வேண்டும்.

படகுத்துறைகளில் அலைவரிசை அடிக்கடி கைவிடும் என்பதால் யு.பி.ஐ.யை மட்டும் நம்பாமல், சிறு நோட்டுகளாகப் பணம் வைத்திருங்கள். கடலோரக் காவல் சோதனைகளில் அடையாள அட்டை கேட்பார்கள். பயணிகள் அனைவருடைய அசல் அட்டையும் ஒரே உறையில் இருக்கட்டும். சரணாலயங்களிலும் எல்லையோரக் கடற்கரையிலும் டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். அதை வீட்டிலேயே விட்டுவருவது எளிது.

ஐந்தாம் படி: திரும்பும் வழி

வந்த வழியிலேயே திரும்ப முயலாதீர்கள். எட்டாம் நாள் இரவு கன்னியாகுமரியில் தங்கி, ஒன்பதாம் நாள் விடியலைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலி வழியாக மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று தங்குங்கள். பத்தாம் நாள் மதியத்துக்கு மேல் சென்னை வந்துவிடலாம். கையில் இன்னொரு நாள் இருந்தால், நாங்குநேரியில் நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கூந்தன்குளம் செல்லுங்கள். அங்கே பிப்ரவரியில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டியிருக்கும். மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.